காலில் நீர் வடிந்தால் கொழுப்பு கூடுமா?

"டாக்டர், நான்கு கிலோ குறைந்துவிட்டேன். ஆனால் கொழுப்பு 27 சதவீதத்திலிருந்து 31க்கு ஏறியிருக்கிறது. மாத்திரை ஒத்துக்கொள்ளவில்லையோ?"

செல்பேசியை என் மேசைமீது வைத்தார், ஓய்வுபெற்ற ஆசிரியர் ஒருவர். மகன் வாங்கிக் கொடுத்த, செயலியோடு இணையும் எடை இயந்திரத்தின் கணக்கு அது. முதன்முறை அவர் வந்தபோது கணுக்காலை விரலால் அழுத்தினால் குழி விழுந்தது. இதயக் கோளாறால் சேர்ந்த நீர். அதைப் பிரிக்க மாத்திரை கொடுத்திருந்தேன். இப்போது வீக்கம் வடிந்து, செருப்பு வார் பழைய துளைக்கே திரும்பியிருந்தது. குறைந்த நான்கு கிலோவும் தண்ணீர்தான்.

கொழுப்பு ஏறவில்லை. அந்த இயந்திரம் கொழுப்பைப் பார்ப்பதே இல்லை. பாதத்தின் கீழுள்ள தகடுகள் வழியே, நமக்குத் தெரியாத அளவு மெல்லிய மின்னோட்டத்தைச் செலுத்தி, உடல் அதை எவ்வளவு தடுக்கிறது என்று மட்டும் பார்க்கிறது. நீர் மிகுந்த தசை மின்சாரத்தை எளிதில் கடத்தும். கொழுப்பு அவ்வளவாகக் கடத்தாது. அந்தத் தடையை வைத்து உடலின் நீரளவை ஊகிக்கிறது. கொழுப்பு நீங்கிய உடலில் சுமார் 73 சதவீதம் நீர் என்பது அதன் அனுமானம். அதன்படி கொழுப்பில்லாத எடையைக் கணக்கிட்டு, அது போக மிச்சத்தைக் கொழுப்பு என்று எழுதிவிடுகிறது. கால் வீங்கியிருந்தபோது தேங்கிய நீரைத் தசைக் கணக்கில் சேர்த்திருந்தது. நீர் வடிந்ததும் அந்தத் 'தசை' குறைந்து, கொழுப்பு கூடியதுபோல் காட்டுகிறது, அவ்வளவுதான். தவிர, மின்னோட்டம் ஒரு காலில் ஏறி மறுகாலில் இறங்குவதால் தொப்பையைப் பற்றி அதற்கு அதிகம் தெரியாது. நம்மவர்களுக்குத் தொப்பையில்தானே சிக்கல்!

அவர் முகத்தில் சந்தேகம் போகவில்லை. என் அறையிலும் அதே வகை இயந்திரம் உண்டு. அவரை ஏற்றி, வயதை 63க்குப் பதில் 35 என்று போட்டேன், கொழுப்பு குறைந்தது. 'பெண்' என்று மாற்றினேன், எகிறியது. சிரித்துவிட்டார்.

காலைக்கும் மாலைக்கும் இரண்டு சதவீதம் குறைந்ததாக மகிழ்பவர்களும் வருகிறார்கள். 70 கிலோ உடலில் அது 1.4 கிலோ கொழுப்பு. எரிக்க ஏறத்தாழ 10,000 கலோரி வேண்டும். ஒரே பகலில் யாராலும் முடியாது. பூங்கா வாசலில் இலவசமாக அளந்துவிட்டு சத்துமாவு டப்பாவை நீட்டுகிறவர்கள் இதையெல்லாம் சொல்வதில்லை.

எக்ஸ்ரே கதிர்களால் கொழுப்பைத் தனியே கணக்கிடும் டெக்ஸா ஸ்கேன் இதைவிட நம்பகமானது. அதுவும் கருவிக்குக் கருவி சற்று மாறும். புனேயின் மருத்துவர் யாஜ்னிக்கும் லண்டனின் யுட்கினும் 2004இல் லான்செட் மருத்துவ இதழில் தங்கள் அளவுகளையே வெளியிட்டார்கள். இருவருக்கும் பி.எம்.ஐ. (உயரத்துக்கேற்ற எடையைக் காட்டும் குறியீடு) 22.3, கொழுப்போ யாஜ்னிக்குக்கு 21.2 சதவீதம், யுட்கினுக்கு 9.1. ஒல்லியாகத் தெரியும் இந்தியர்களைப் பற்றி நான் கவலைப்படுவது இதனால்தான். ஆனால் அதற்காக எல்லோரையும் ஸ்கேனுக்கு அனுப்புவதில்லை. தையற்காரரின் டேப் போதும். கடைசி விலா எலும்புக்கும் இடுப்பெலும்பின் மேல்விளிம்புக்கும் நடுவே, மூச்சை இயல்பாக விட்டபின் அளக்க வேண்டும். ஆண்களுக்கு 90, பெண்களுக்கு 80 சென்டிமீட்டரைத் தாண்டினால் சர்க்கரையும் ரத்த அழுத்தமும் பார்க்கிறேன்.

பேஸ்மேக்கர் வைத்தவர்கள் இந்த மின்னோட்ட இயந்திரங்களில் ஏறவே கூடாது. ஆசிரியருக்கு அது இல்லை. தினமும் காலையில் ஏறி எடையை மட்டும் நாட்குறிப்பில் எழுதி வருகிறார். மூன்று நாளில் இரண்டு கிலோ கூடினால் அன்றே வரச் சொல்லியிருக்கிறேன்.