“நம்மகிட்ட என்ன இருக்கு, நம்மள ஏன்க்கா கடத்தப்போறான்?”

போன வாரமும் ஒரு தம்பி வந்தான். பினாங்கு லிட்டில் இந்தியாவில் இருக்கும் எங்கள் டிக்கெட் கடைக்கு இந்த மாதிரிப் பிள்ளைகள் வருவது இப்போது வாடிக்கையாகிவிட்டது. பாங்காக்குக்கு ஒரு வழி டிக்கெட்டை ‘கம்பெனி’யே போட்டுக் கொடுத்துவிட்டதாம். இவனுக்குப் பயணக் காப்புறுதி மட்டும் வேண்டும். வேலை கஸ்டமர் சர்வீஸ், சம்பளம் ஏழாயிரம் ரிங்கிட். நேர்காணல் டெலிகிராமில் நடந்ததாம், அதுவும் எழுத்தில்தான். ஆபீஸ் எங்கே என்றால், “இறங்கினதும் ஆள் வந்து கூட்டிக்கிட்டுப் போவாரு” என்கிறான். எச்சரித்தால், தலைப்பில் இருக்கும் கேள்வியைக் கேட்டுவிட்டுச் சிரிக்கிறான்.

பணக்காரனைத்தான் கடத்துவான், வெள்ளைக்காரனைத்தான் கடத்துவான் என்று யார் சொன்னது? 2000 ஏப்ரலில் சபாவின் சிப்பாடான் தீவில் அபு சயாஃப் என்ற பிலிப்பைன்ஸ் ஆயுதக் கும்பல் 21 பேரைப் பிடித்துப் போனதே, அதில் பாதிக்கு மேல் ரிசோர்ட்டில் வேலை பார்த்தவர்கள். 2015-இல் அதே சபாவின் சண்டாக்கானில் ஒரு கடலுணவுக் கடையிலிருந்து இரண்டு மலேசியர்களைத் தூக்கிப் போனார்கள். ஒருவர் உயிரோடு திரும்பவில்லை.

அங்கெல்லாம் குறி பிணைப்பணம். தாய்லாந்து எல்லையை ஒட்டிய மியன்மார் ஊரான மியாவாடியில் கணக்கே வேறு. அங்கே சரக்கு நீங்கள்தான். பாஸ்போர்ட்டைப் பிடுங்கிக்கொண்டு, கம்ப்யூட்டர் முன்னால் உட்காரவைத்து, ஊர் உலகத்தை ஏமாற்றச் சொல்வார்கள். மறுத்தால் அடி. இல்லையென்றால் இன்னொரு கும்பலுக்கு விற்றுவிடுவார்கள். அப்புறம் ‘விடுவிக்கப் பணம்’ கேட்டு அம்மாவுக்குப் போன் வரும். ஆங்கிலமும் மலாயும் பேசத் தெரிந்த, வேலையில்லாத பையன்தான் அவர்களுக்குத் தேவை. கையில் காசில்லை என்பது உங்களுக்குப் பாதுகாப்பில்லை தம்பி. அதை வைத்துத்தான் உங்களைப் பிடிக்கிறார்கள்.

2025 ஜனவரியில் ஒரு சீன நடிகரே நடிப்பு வாய்ப்பு என்று பாங்காக்கில் இறங்கி, தாய்லாந்தின் எல்லை ஊரான மேசோட் வழியாக மியாவாடிக்குக் கொண்டுபோகப்பட்டார். சீனாவே கொந்தளித்ததால் சில நாளில் மீட்டார்கள். நம் பட்டர்வொர்த் பையனுக்காக எந்த நாடு கொந்தளிக்கும்?

பாங்காக்கிலிருந்து மேசோட் சுமார் 500 கிலோமீட்டர். ஆபீஸ் பாங்காக்கில் என்று சொன்னவன் கார் ஏன் இத்தனை மணி நேரம் ஓடுகிறது? போனில் மேப்பைத் திறந்து பாருங்கள். வடமேற்கே, மேசோட் இருக்கும் தாக் மாநிலத்துப் பக்கம் போனால், பெட்ரோல் நிலையத்தில் நிறுத்தும்போதே இறங்கி ஆள் கூட்டத்துக்குள் போய்விடுங்கள். தாய்லாந்து சுற்றுலாப் போலீஸ் எண் 1155. மேசோட்டுக்கு அந்தப்புறம் ஒரு சின்ன ஆறுதான். தாண்டிவிட்டால் தாய்லாந்து போலீஸ் வராது. பாஸ்போர்ட்டை ‘பெர்மிட் எடுக்க’ என்று யார் கேட்டாலும் கொடுக்காதீர்கள். கிளம்பும் முன் விஸ்மா புத்ராவின் (நம் வெளியுறவு அமைச்சு) இ-கொன்சுலர் தளத்தில் பதிவு செய்யுங்கள். பாஸ்போர்ட் நகலையும், அழைத்துப்போக வருகிறவனின் எண்ணையும் வீட்டில் கொடுத்துவிட்டுப் போங்கள். ஆபத்து என்றால் சொல்ல ஒரு வார்த்தையையும் பேசி வைத்துக்கொள்ளுங்கள்.

காப்புறுதி விற்கிற நானே சொல்கிறேன்: சாதாரணப் பயணப் பாலிசி பிணைப்பணம் கட்டாது. போர், கிளர்ச்சி என்றாலும் பெரும்பாலும் கைவிரித்துவிடும். சின்ன எழுத்தில் இருப்பதைப் படியுங்கள்.

சுற்றுலாக்காரர்களுக்கும் ஒரு வார்த்தை. தென் தாய்லாந்தின் பத்தானி, யாலா, நாராதிவாட் மாநிலங்களில் 2004 முதல் கிளர்ச்சி ஓயவில்லை. மலேசிய எல்லையில் இருக்கும் பெத்தோங் போனவர்கள், “அப்படியே யாலா டவுன் வழியா ஹட்யாய் போயிடலாம்” என்று ராத்திரியில் வண்டியைக் கிளப்பாதீர்கள். வந்த வழியே திரும்புங்கள், ஒன்றும் குறைந்துவிடாது.

பெற்றோர்களே, பிள்ளையின் பேச்சு மாறினால், யாரோ பக்கத்தில் நின்று சொல்லிக்கொடுப்பது போல் இருந்தால், அன்றைக்கே போலீஸில் ரிப்போர்ட் செய்யுங்கள். “எஜெண்டு கோவிச்சுக்குவாரு”, “சொந்தக்காரங்களுக்குத் தெரிஞ்சா வெட்கம்” என்று நாளைக் கடத்தாதீர்கள், தயவுசெய்து. பணம் அனுப்பும் முன் போலீஸைக் கேளுங்கள். ரிப்போர்ட் நகலோடு விஸ்மா புத்ராவுக்கும் தகவல் கொடுங்கள். பிள்ளை கடைசியாக அனுப்பிய லொக்கேஷன், படம், குரல் பதிவு எதையும் அழித்துவிடாதீர்கள்.