நாற்றம் நின்றால் ஏன் ஓட வேண்டும்?

தேவகோட்டைப் பக்கமிருந்து ஒரு வாசகி கேட்டிருக்கிறார்: "அப்பா குப்பைக் கிடங்கில் வேலை பார்க்கிறார். அழுகிய முட்டை நாற்றம் அடித்தால் விலகி நில்லுங்கள், அந்த நாற்றம் சட்டென்று நின்றுபோனால் ஓடுங்கள் என்று பயிற்சியில் சொன்னார்களாம். நாற்றம் நின்றால் நல்லதுதானே?"

பயிற்சி கொடுத்தவர் யாரோ, நன்றாக இருக்கட்டும். கையுறை போடு, பூட்ஸ் போடு, ஜேசிபிக்குப் பின்னால் நிற்காதே என்பதெல்லாம் எங்கும் சொல்வதுதான். இந்த ஒரு வரியை விளக்கத்தான் கொஞ்சம் உயிரியல் வேண்டும்.

அந்த வாடை ஹைட்ரஜன் சல்ஃபைடு வாயுவுடையது. காற்றுப் புகாத குவியலின் அடியில் மீன், கறி, முட்டைக் கழிவிலுள்ள கந்தகத்திலிருந்து பாக்டீரியாக்கள் அதை உண்டாக்குகின்றன. இன்னொரு வழியும் உண்டு, கட்டட இடிபாடு. செட்டிநாட்டுப் பழைய வீடுகளின் சுவர்ப்பூச்சு சுண்ணாம்பும் முட்டை வெள்ளைக்கருவும் சேர்த்து அரைத்தது. இடித்துக் கொட்டினாலும் அதிலிருந்து இந்த வாயு பெரிதாக வராது. இப்போது மாட்டுகிற ஃபால்ஸ் சீலிங்கோ ஜிப்சம், அதாவது கால்சியம் சல்ஃபேட். ஈரக் குப்பையோடு அது புதைந்தால், ஆக்சிஜன் இல்லாமலே வாழத் தெரிந்த சில பாக்டீரியாக்கள் சல்ஃபேட்டைக் கொண்டு சுவாசித்து, இந்த வாயுவை வெளிவிடும். இடிபாட்டைத் தனியே கொட்டச் சொல்வதில் இந்த லாபமும் இருக்கிறது.

உரக்கிடங்கில் குவியலை ஒழுங்காகக் கிளறிவிட்டால் தொல்லை குறைவு. குப்பையிலிருந்து வடியும் நீர் சேருகிற கசிவுநீர்த் தொட்டிதான் வில்லங்கம். இந்த வாயு காற்றைவிடச் சற்றே கனமானது. பள்ளம் கிடைத்தால் தங்கிவிடும்.

சரி, மூக்குக்கு வருவோம். மூக்கின் கூரையில் இருக்கும் நரம்பு செல்களின் நுனியில் நுண்ணிய இழைகள், அவற்றில் வாசனை ஏற்பிகள். மனிதருக்குச் சுமார் 400 வகை. இவற்றின் மரபணுக்களைக் கண்டறிந்ததற்காகத்தான் ரிச்சர்ட் ஆக்செலும் லிண்டா பக்கும் 2004இல் நோபல் பரிசு பெற்றார்கள். வாசனை மூலக்கூறு ஏற்பியில் ஒட்டியதும் செல்லுக்குள் சைக்ளிக் ஏஎம்பி என்ற தூதுப்பொருள் பெருகும். அது செல்சவ்விலுள்ள வாயில்களைத் திறக்கும். சோடியமும் கால்சியமும் உள்ளே பாயும், மின்துடிப்பு மூளைக்குப் போகும். இதற்கு அடுத்த கட்டம்தான் எனக்குச் சலிக்கவே சலிக்காதது. உள்ளே வந்த கால்சியம், கால்மோடுலின் என்ற புரதத்தோடு கைகோத்துக்கொண்டு, தான் நுழைந்த அதே வாயிலை இறுக்குகிறது. விருந்துக்கு வந்தவரே கதவைத் தாழிடுகிற மாதிரி. வாசனை அப்படியே இருந்தாலும் துடிப்பு குறைந்துகொண்டே போகும். அடுப்பில் மசாலா வறுக்கிறவருக்கு மணம் மரத்துப்போய், தெருவில் போகிறவருக்கு மூக்கைத் துளைப்பது இதனால்தான். பழைய வாசனையை ஒதுக்கினால்தானே புதியதைக் கவனிக்க முடியும்?

இது இயல்பான பழக்கம். ஹைட்ரஜன் சல்ஃபைடு சுமார் 100 பிபிஎம் அளவை எட்டினால் நடப்பது வேறு: வாசனை நரம்பே முடங்கிப்போகிறது. பிபிஎம் என்றால் பத்து லட்சத்தில் ஒரு பங்கு. நூறு கோடியில் 10 பங்கு இருந்தாலே பலருடைய மூக்கு மோப்பம் பிடித்துவிடும் வாயு இது. அளவு ஏறினால் மூக்கையே முதலில் சாய்க்கிறது. செல்கள் ஆக்சிஜனைப் பயன்படுத்த உதவும் சைட்டோகுரோம் ஆக்சிடேஸ் நொதியை, சயனைடு செய்வது போலவே இதுவும் முடக்கும். 500 பிபிஎம்மைத் தாண்டினால் சில நிமிடங்களில் மயக்கம், 1000 பக்கம் போனால் ஓரிரு மூச்சிலேயே சுருண்டு விழலாம். ஆக, வாடை திடீரென்று காணாமல் போனால் வாயு போய்விட்டது என்று நினைக்கக் கூடாது, கூடியும் இருக்கலாம்.

கிணற்றுக்குள்ளோ தொட்டிக்குள்ளோ இறங்கியவர் விழுந்தால் 'காத்துக் கருப்பு அடிச்சிருச்சு' என்கிற பேச்சு இன்னமும் இருக்கிறது. தூக்கப் போன இரண்டாவது ஆளும் விழுந்தால் நம்பிக்கை உறுதியாகிவிடும். எனக்கு இதில் கோபமே வரும். பேய்க்குப் பரிகாரம் செய்கிறவர்கள் மூச்சுக்கருவி வாங்க மாட்டார்கள். விளக்கை இறக்கிப் பார்க்கும் பழைய வழக்கமும் இங்கே ஆகாது. அது ஆக்சிஜன் குறைவைக் காட்டுமே தவிர, இந்த விஷத்தைக் காட்டாது. குப்பையில் ஊறும் மீத்தேன் 5 முதல் 15 சதவீதம் வரை காற்றில் கலந்திருந்தால் விளக்கே வெடிக்கு வழி.

நம்ப வேண்டியது வாயுமானியை, அதாவது காற்றில் இந்த வாயு எவ்வளவு என்று அளந்து எச்சரிக்கும் கருவியை. அதன் உள்ளே இருப்பது ஒரு மின்வேதிக் கலம், வேதிவினையை மின்சாரமாக்கும் சின்ன அறை. சவ்வு வழியே நுழையும் ஹைட்ரஜன் சல்ஃபைடு மின்முனையில் ஆக்சிஜனேற்றம் அடைந்து, மூலக்கூறுக்கு 8 எலக்ட்ரான் வீதம் தரும். எவ்வளவு வாயுவோ அவ்வளவு மின்னோட்டம். அழகப்பச் செட்டியார் 300 ஏக்கரும் 15 லட்சம் ரூபாயும் கொடுத்து, 1948இல் அடிக்கல் நாட்டப்பட்ட மத்திய மின்வேதியியல் ஆராய்ச்சி நிலையம் காரைக்குடியில்தான் இருக்கிறது. பேட்டரி ஆராய்ச்சிக்குப் பணம் கொட்டுகிற நாடு, தூய்மைப் பணியாளர் சட்டையில் மாட்டும் மலிவு மானிக்கும் கொஞ்சம் ஒதுக்கலாம் என்பது என் கட்சி.

மானியை இடுப்பில் மாட்டாமல் காலர் பக்கம், மூச்சுக்கு அருகே மாட்ட வேண்டும். அதன் சவ்வும் தூசியில் அடைபடும். கலமும் இரண்டு மூன்று வருடத்தில் ஓய்ந்துவிடும். அதனால் வேலை தொடங்குமுன் அளவு தெரிந்த வாயுவைக் கொஞ்சம் காட்டி, அலறுகிறதா என்று பார்த்துவிட்டுத்தான் உள்ளே போக வேண்டும்.