நோயாளியைப் புரட்டிப் படுக்க வைக்க இன்னொரு கை

எம்.எஸ்சி. நர்சிங் படிக்கும் ஒரு வாசகி கேட்டிருக்கிறார்: "இருபது நர்ஸ்களிடம் உட்கார்ந்து பேசி ஆய்வு செய்ய ஆசை. 'இருபது பேரெல்லாம் ஒரு சாம்பிளா, கேள்வித்தாள் கொடுத்து 200 பேரிடம் வாங்கு' என்கிறார்கள். பேசுவது ஆராய்ச்சி ஆகாதா?"

ஆகும். முதலில் எண்ணும் ஆய்வைப் பார்த்துவிடுவோம். 2002-ல் நர்சிங் ஆய்வாளர் லிண்டா ஐக்கனின் குழு, அமெரிக்காவின் பென்சில்வேனியாவில் 168 மருத்துவமனைகளின் கணக்கை எடுத்தது. அறுவை சிகிச்சை செய்துகொண்டவர்கள் மட்டும் 2,32,342 பேர். ஒரு நர்ஸ் பார்க்கும் நோயாளிகளில் ஒருவர் கூடினால், 30 நாளுக்குள் நோயாளி இறக்கும் வாய்ப்பு 7 சதவீதம் கூடியிருந்தது. வயது, நோயின் தன்மை போன்றவற்றால் வரும் வித்தியாசத்தைக் கழித்த பிறகும் அப்படித்தான். இது அளவுசார் ஆய்வு. இத்தனை பேரை வைத்துச் சொல்லும்போது தற்செயல் என்று யாரும் தள்ளிவிட முடியாது.

சரி, அந்தக் கூடுதல் நோயாளி வந்ததும் வார்டுக்குள் என்ன மாறுகிறது? 7 சதவீதம் என்ற எண்ணிடம் அதற்குப் பதில் இல்லை.

பதிலைத் தேடியவர்களில் நர்சிங் ஆய்வாளர் பியாட்ரிஸ் காலிஷ் ஒருவர். அமெரிக்காவில் இரண்டு மருத்துவமனைகளின் நர்ஸ்களையும் உதவியாளர்களையும் 25 சிறு குழுக்களாக உட்கார வைத்து, எந்த வேலை விட்டுப்போகிறது, ஏன் என்று கேட்டார். 2006-ல் வெளியானது. இது பண்புசார் ஆய்வு.

இந்த வகை ஆய்வில் எனக்கு ரொம்பப் பிடித்தது பேச்சைப் பிரித்துப் பார்க்கும் விதம். பேசியதை அப்படியே எழுதி, ஓரத்தில் வரிக்கு வரி சின்னதாக ஒரு பெயர் வைப்பார்கள். நம்மூர் வார்டில் ஒருவர் இப்படிச் சொல்வதாக வைத்துக்கொள்வோம்: "பாட்டியைப் புரட்டிப் படுக்க வைக்க இன்னொரு கை வேணும். யாரும் வரலை, விட்டுட்டேன்." ஓரத்தில் 'துணைக்கு ஆள் இல்லை' என்று எழுதலாம். அடுத்தவர் சொல்கிறார்: "முதல் நாள் மனசு உறுத்துச்சு. இப்போ ஒண்ணும் தோணறதில்லை." பழைய பெயர் இதற்குப் பொருந்தாது. 'பழகிவிட்டது' என்று புதிதாக ஒன்று வேண்டும். அது கிடைத்ததும், படித்து முடித்த பக்கங்களுக்கே திரும்பிப் போய், அங்கேயும் இது ஒளிந்திருக்கிறதா என்று தேட வேண்டும். இனிப் புதுப் பெயர் எதுவும் கிளம்பாது என்ற நிலை வரும் வரைக்கும் இந்தப் போக்குவரத்து நடக்கும். சாம்பிள் போதுமா என்பதை இங்கே தீர்மானிப்பது இதுதான். 20, 200 என்ற கணக்கு இல்லை.

விட்டுப்போகும் வேலைகள் ஒன்பது என்று காலிஷ் கண்டார்: நோயாளியை நடக்க வைப்பது, புரட்டிப் படுக்க வைப்பது, நேரத்துக்குச் சாப்பாடு, ஆறுதலாகப் பேசுவது என்று போகிறது பட்டியல். காரணங்கள் ஏழு. ஆள் பற்றாக்குறையை யாரும் ஊகித்துவிடலாம். ஆனால் 'பழக்கம்' என்றும் 'கண்டும் காணாமல் இருப்பது' என்றும் இரண்டு காரணங்கள் அதில் இருந்தன. மேசையில் உட்கார்ந்து கேள்வித்தாள் தயாரிப்பவருக்கு இவை தோன்றியிருக்குமா?

அப்புறம் காலிஷே இதை வைத்து ஒரு கேள்வித்தாள் உருவாக்கினார். விடுபட்ட பராமரிப்பை மற்றவர்களும் எண்ணத் தொடங்கினார்கள். 2018-ல் ஜேன் பாலின் குழு, 9 ஐரோப்பிய நாடுகளின் 300 மருத்துவமனைகளில், விடுபட்ட பராமரிப்பு 10 சதவீதம் கூடும் இடத்தில் நோயாளி இறக்கும் வாய்ப்பு 16 சதவீதம் கூடுவதைக் கண்டது.

ஒரு மணி நேரப் பேச்சை எழுத்தாக்கவே நாலைந்து மணி நேரம் போய்விடும். ஆய்வுக்கு நிதி ஒதுக்குபவர்கள் அந்த உழைப்புக்கும் சேர்த்துப் பணம் தர வேண்டும் என்பது என் கருத்து. வாசகிக்கு ஒன்று சொல்கிறேன்: உங்கள் வழிகாட்டியிடம் 'பழக்கம்', 'கண்டும் காணாமல் இருப்பது' என்ற அந்த இரண்டு காரணங்களையும் காட்டுங்கள். பேட்டியின்போது எதிரில் இருப்பவர் "அவ்வளவுதான்" என்று நிறுத்தினால், உடனே அடுத்த கேள்விக்குத் தாவாதீர்கள். கொஞ்ச நேரம் சும்மா இருங்கள். பெரும்பாலும் அவரே மறுபடி பேசத் தொடங்குவார்.