மேக்னான்: காந்த அலையின் ஒரு சொட்டு

மேக்னான் என்பது காந்த ஒழுங்கு உள்ள ஒரு பொருளுக்குள் ஓடும் தற்சுழற்சி (ஸ்பின்) அலையின் மிகச் சிறிய ஆற்றல் பொட்டலம். இரும்பு போன்ற தனிமங்களின் அணுக்கள், எலெக்ட்ரான்களின் தற்சுழற்சியால் குட்டிக் காந்தங்களாக நடந்துகொள்கின்றன. வரிசையில் ஒன்று சற்றுச் சாய்ந்தால் பக்கத்தில் இருப்பதையும் இழுக்கும். அந்தச் சாய்வு அலையாகப் பரவும் என்று 1930இல் இயற்பியலாளர் ஃபெலிக்ஸ் பிளாக் காட்டினார். குவாண்டம் விதிப்படி அந்த அலைக்கு ஆற்றலை இஷ்டத்துக்குக் கூட்டிக் குறைக்க முடியாது, முழுப் பொட்டலங்களாகத்தான் கொடுக்க முடியும். அதில் ஒன்றுதான் மேக்னான்.

பெயரின் முன்பாதி 'மேக்னெட்'. கிரேக்க நாட்டு மக்னீசியா வட்டாரத்துக் கல் என்ற பொருளில் வந்தது. பின்பாதியில் உள்ள 'ஆன்' ஒரு குடும்ப வால். 1891இல் அயர்லாந்து இயற்பியலாளர் ஸ்டோனி 'எலெக்ட்ரான்' என்று பெயர் வைத்தார். அப்புறம் புரோட்டான், நியூட்ரான், ஃபோட்டான் என்று எண்ணக்கூடிய எதற்கும் அந்த வாலை ஒட்டும் பழக்கம் நிலைத்துவிட்டது.

நம் 'காந்தம்' வேறு வழியில் வந்தது. 'அயஸ்காந்தம்' என்ற வடசொல்லின் குறுக்கம் அது. அயஸ் என்றால் இரும்பு, காந்தம் என்றால் பிரியமானது. சித்த மருத்துவத்தில் அயக்காந்தச் செந்தூரம் என்ற பெயரில் முழுச்சொல் இன்னும் புழங்குகிறது.

இரும்பும் காந்தமும் இவ்வளவு நெருக்கம் என்பதால்தான் மீகடத்தி (மின்சாரத்தைத் தடையே இல்லாமல் கடத்தும் பொருள்) ஆய்வாளர்கள் இரும்பை நெடுங்காலம் ஒதுக்கியே வைத்திருந்தார்கள். காந்தத் தன்மை மீகடத்தலைக் கெடுக்கும் என்பது பாலபாடம். 2008இல் ஜப்பானில் ஹிதேயோ ஹொசோனோவின் குழு, இரும்பும் ஆர்செனிக்கும் கலந்த ஒரு சேர்மம் 26 கெல்வினில் (ஏறக்குறைய மைனஸ் 247 டிகிரி செல்சியஸ்) மீகடத்தியாவதைக் கண்டது. சில மாதங்களில் அதன் உறவுச் சேர்மங்கள் 55 கெல்வினைத் தொட்டன. பேரியம்-இரும்பு-ஆர்செனிக் சேர்மத்தை எடுத்துக்கொண்டால், சுமார் 140 கெல்வினுக்குக் கீழே அதன் இரும்பணுக் காந்தங்கள் பட்டை பட்டையாக எதிரெதிர்த் திசையில் அணிவகுக்கின்றன. பேரியத்தில் ஒரு பகுதியை எடுத்துப் பொட்டாசியம் வைத்தால் அணிவகுப்பு குலைகிறது, 38 கெல்வினில் மீகடத்தல் வருகிறது. அணிவகுப்பு போனபின் மேக்னானும் போய்விடுமா? மீகடத்தலுக்குக் காந்த அலைகளே காரணமாக இருக்கலாம் என்று சந்தேகிப்பவர்களுக்கு இது உயிர்க்கேள்வி.

இதைப் பார்க்க வழக்கமான கருவி நியூட்ரான் சிதறல்: நியூட்ரான்களைப் படிகத்துக்குள் அனுப்பி, அவை எப்படிச் சிதறுகின்றன என்று அளப்பது. ஆனால் அதற்குப் பெரிய படிகம் வேண்டும். ஒளி அப்படிக் கேட்பதில்லை. இங்கே ஒளி என்பது எக்ஸ் கதிர். இரும்பணுவின் உள்கூட்டு எலெக்ட்ரானை எழுப்பும்படி ஏறக்குறைய 707 எலெக்ட்ரான் வோல்ட் (அணு அளவில் ஆற்றலை அளக்கும் அலகு) ஆற்றலுக்கு அதைச் சுருதி சேர்த்து அனுப்புகிறார்கள். எழும்பியது உள்ளே ஒரு காலியிடத்தை விட்டுச் செல்கிறது. அதில் இன்னொரு எலெக்ட்ரான் விழ, எக்ஸ் கதிர் திரும்பி வெளியே வருகிறது. இதற்குள் ஒரு தற்சுழற்சி புரண்டிருந்தால், வெளியே வந்த கதிரில் அதற்கான ஆற்றல் குறையும். குறைவது 0.2 எலெக்ட்ரான் வோல்ட் அளவுதான், 707இல் அது எவ்வளவு சின்னது பாருங்கள். இந்த முறைக்கு ரிக்ஸ் (RIXS) என்று பெயர். தமிழில் ஒத்ததிர்வு மீட்சியிலா எக்ஸ் கதிர்ச் சிதறல் எனலாம்.

2013இல் சுவிட்சர்லாந்து ஒளிமூலம் என்ற எக்ஸ் கதிர் ஆய்வகத்தில் செய்த அளவீடு கேள்விக்குப் பதில் சொன்னது: பொட்டாசியம் கலந்த மீகடத்தியிலும் மேக்னான் போன்ற அலைகள் பிழைத்திருக்கின்றன, ஆற்றல் மட்டும் கொஞ்சம் இறங்கியிருக்கிறது. பின்னர் இரும்பு செலினைடு என்ற இன்னொரு மீகடத்தியின் ஓரடுக்குப் படலத்திலும் இதே முறையில் அளந்தார்கள். அவ்வளவு மெல்லிய படலத்தை நியூட்ரானால் பார்ப்பதை நினைத்தும் பார்க்க முடியாது.

கண்ணுக்குத் தெரியும் ஒளியாலும் பார்க்கலாம், அது ராமன் சிதறல். அந்த ஒளிக்கு உந்தம் மிகக் குறைவு என்பதால் எதிரெதிராக ஓடும் பெரும்பாலும் இரண்டு மேக்னான்களைச் சேர்த்தே எழுப்பும். 1928இல் கல்கத்தாவில் ராமனுடன் இந்தச் சிதறலைக் கண்ட வத்திராயிருப்புக்காரர் கே. எஸ். கிருஷ்ணன், அடுத்து டாக்காவில் படிகங்களின் காந்தப் பண்புகளை ஆராயப் போனார் என்பது ஒரு சுவையான தற்செயல்.

சரி, தமிழில் என்ன சொல்வது? எதிர்மின்னி, நேர்மின்னி வழியில் போனால் 'காந்தி' என்று முடியும், வேண்டாம். 'காந்தன்' ஆள்பெயர். 'காந்தத் துகள்' என்றால் இரும்புத்தூள் என்றுதான் புரியும். குவாண்டத்துக்கு இலங்கையில் 'சத்திச்சொட்டு' என்று எழுதிய வழக்கம் உண்டு. அதிலிருந்து 'காந்தச்சொட்டு' என்று எடுக்கலாம் என்பது என் கட்சி. ரிக்ஸ் கருவி அளப்பதும் கதிர் இழந்த ஒரு சொட்டு ஆற்றலைத்தான். 'மேக்னான்' என்றே எழுதுவதும் தவறில்லை, முதல்முறை எழுதும்போது இரண்டையும் சேர்த்துப் போடுங்கள்.

வாக்கியத்தில்: "கதிர் 0.2 எலெக்ட்ரான் வோல்ட்டை இழந்தது. படிகத்தில் ஒரு காந்தச்சொட்டு எழுந்தது."