மறையாக்கம்: தாக்கோல் யார் கையில்?

‘என்கிரிப்டட் மெயில்’, அதாவது மற்றவர் படிக்க முடியாதபடி மறைத்த மெயில், என்று விளம்பரம் செய்யாத மின்னஞ்சல் சேவை இன்று அரிது. எல்லாரும் சொல்வது ஒரே சொல்தான், ஆனால் பொருள் ஆளுக்கு ஆள் மாறும். வளைகுடா வேலைக்குப் பாஸ்போர்ட் நகலும் நர்சிங் சான்றிதழும் மெயிலில் போகிற வீடுகள் நாகர்கோவில், மார்த்தாண்டம், குளச்சல் பக்கம் நிறைய. அவர்களுக்கு இந்தச் சொல்லின் பொருள் துல்லியமாகத் தெரிந்திருப்பது நல்லது.

சொல்லின் வேர் கிரேக்கம். ‘கிரிப்டோஸ்’ என்றால் மறைந்தது. பழைய தேவாலயங்களின் அடியில் இருக்கும் நிலவறைக்கு ஆங்கிலத்தில் ‘கிரிப்ட்’ என்று பெயர் வந்ததும் இதிலிருந்துதான். உள்ளே இடுதல் என்ற பொருளில் ‘என்’ முன்னால் சேர்ந்து ‘என்கிரிப்ட்’ ஆனது. இது 20ஆம் நூற்றாண்டில் வந்த புதுச்சொல். அதற்கு முன்பு இந்த வேலைக்கு ஆங்கிலத்தில் இருந்த சொல் ‘சைஃபர்’. அதன் கதை நமக்கு இன்னும் நெருக்கம்: சமஸ்கிருத ‘சூன்யம்’ அரபியில் ‘ஸிஃப்ர்’ என்று மொழிபெயர்ந்து, ஐரோப்பாவுக்குப் போய்ப் பூஜ்யத்தையும் கமுக்க எழுத்தையும் ஒருசேரக் குறித்தது. கணக்கில் ‘சைபர்’ மார்க் வாங்கினான் என்கிறோமே, அது இந்தச் சொல்தான். ‘சைபர் கிரைம்’ போலீஸில் வருகிற சைபர் வேறு. அது சுக்கான் பிடிப்பவரைக் குறித்த கிரேக்கச் சொல்லின் வழியில் வந்தது. தமிழில் எழுதும்போது இரண்டும் ஒன்றாகிவிடுகின்றன.

தமிழில் குறியாக்கம், மறையாக்கம், மறைகுறியாக்கம் என மூன்று சொற்கள் புழங்குகின்றன. முதல் சொல்லை இதற்குப் பயன்படுத்துவது தவறு என்பதே நம் முடிவு. குறியாக்கம் என்பது ஒன்றை வேறு குறிகளால் எழுதுவது, அதில் ஒளிவு எதுவும் இல்லை. கணினி எழுத்துகளை எண்களாகச் சேமிக்கும் யூடிஎஃப்-8 ஒரு குறியாக்கம்: ‘அ’ என்ற ஓர் எழுத்து அதில் மூன்று பைட் ஆகிறது. தமிழில் தலைப்பு போட்டு அனுப்பிய மெயில் சிலருக்குச் சமக்குறியும் வினாக்குறியும் ஆங்கில எழுத்துமாகக் கலைந்து தெரியும். பார்த்தவுடன் ‘என்கிரிப்ட் ஆகியிருக்கு’ என்பார்கள். ஒன்றும் ஆகவில்லை. அது பேஸ்64 என்ற குறியாக்கம், யாரும் ஒரு நொடியில் திருப்பிவிடலாம். ஒரு கூட்டத்தார் தமக்குள் வழங்கும் சொல்லான, நன்னூல் சொல்லும் குழூஉக்குறியும் இந்த வகைதான். பொற்கொல்லர் பொன்னைப் ‘பறி’ என்பார்கள். அந்தக் கூட்டத்தில் ஒருவன் வெளியே சொல்லிவிட்டால் கதை முடிந்தது.

மறையாக்கம் அப்படியல்ல. எந்த முறையில் மறைத்தார்கள் என்பது ஊருக்கெல்லாம் தெரிந்திருந்தாலும், திறவுகோல் இல்லாமல் படிக்க முடியாது. மறைகுறியாக்கம் சரியான சொல்தான், நீளம் அதிகம். மறையாக்கமே போதும். ‘மறை’ என்பது ஒளித்து வைத்ததையும் வேதத்தையும் குறித்த பழஞ்சொல். ‘மறைமொழி காட்டி விடும்’ என்று 28ஆவது குறளில் வருகிறது. எழுத்தில் மட்டும் கவனம்: இடையின ரகரம் போட்டு ‘மரையாக்கம்’ என்று எழுதினால், லேத் பட்டறையில் போல்ட்டுக்கு மரை வெட்டுகிற வேலையாகிவிடும். திருப்பிப் படிக்கத்தக்கதாக்குவது மறைநீக்கம்.

இனித் திறவுகோல். குமரி மாவட்டத்தில் சாவிக்குப் பெயர் ‘தாக்கோல்’. தாழ் + கோல், தாழைத் திறக்கும் கோல். இதைவிட நல்ல கலைச்சொல் வெளியே தேட வேண்டாம். ‘அஞ்சல்’ என்ற சொல்லுக்கும் இந்த மண்ணில் உறவுண்டு. திருவிதாங்கூர் அரசின் தபால் துறைக்கே ‘அஞ்சல்’ என்றுதான் பெயர். மணி கட்டிய கோலோடு அஞ்சலோட்டக்காரர் ஓடிய அந்தத் துறை 1951இல் இந்தியத் தபாலோடு சேர்ந்தது. மாவட்டம் தமிழ்நாட்டோடு சேர்ந்தது அதன்பிறகு, 1956இல்.

அந்த அஞ்சல் பெட்டியையே நினைத்துக்கொள்ளுங்கள். வாய் திறந்திருக்கும், யார் வேண்டுமானாலும் கடிதம் போடலாம். எடுக்கத் தாக்கோல் வேண்டும். 1970களின் நடுவில் வந்த பொதுத்திறவுகோல் முறை இதுதான்: பெட்டியின் வாய் பொதுத் திறவுகோல், தாக்கோல் தனித் திறவுகோல். இதை 1991இல் மின்னஞ்சலுக்குக் கொண்டுவந்தது பில் சிம்மர்மன் எழுதிய பிஜிபி என்ற மென்பொருள்.

ஆகவே ‘என்கிரிப்டட்’ என்று எந்தச் சேவை சொன்னாலும் கேட்க வேண்டிய கேள்வி ஒன்றுதான்: தாக்கோல் யார் கையில்? சாதாரண ஜிமெயிலிலும் மறையாக்கம் உண்டு. போனிலிருந்து சர்வருக்குப் போகும் வழியில் டிஎல்எஸ் என்ற மறையாக்க முறை காக்கிறது, சர்வரிலும் மறைத்தே வைக்கிறார்கள். ஆனால் தாக்கோல் நிறுவனத்திடம் இருக்கிறது. இதை வழி மறையாக்கம் எனலாம். அனுப்புகிறவர் போனில் பூட்டி, பெறுகிறவர் போனில் மட்டும் திறந்தால்தான் முனைக்கு முனை மறையாக்கம்.

சுவிட்சர்லாந்தின் புரோட்டான் மெயிலும் ஜெர்மனியின் டூட்டாவும் இந்த இரண்டாம் வகைக்குப் பேர்போனவை. இரண்டிலும் இலவசக் கணக்கு உண்டு. புரோட்டான், பிஜிபி வழிவந்த ஓபன்பிஜிபி என்ற பொதுத் தரத்தில் இயங்குவதால் வேறு சேவையில் பிஜிபி வைத்திருப்பவரோடும் மறைத்துப் பேசலாம். ஆனால் தலைப்பு வரி முனைக்கு முனை மறைவதில்லை. டூட்டா தலைப்பையும் மறைக்கிறது. பதிலுக்கு பிஜிபி கிடையாது, தண்டர்பேர்ட் போன்ற வேறு மெயில் செயலியில் ஐமேப் என்ற பொது முறை வழியாக இணைக்கவும் முடியாது. அதன் இலவசக் கணக்கை ஆறு மாதம் திறக்காமல் விட்டால் கணக்கே போய்விடும். எப்போதாவது மட்டும் மெயில் பார்க்கும் வீட்டுக்கு டூட்டா இலவசக் கணக்கு சரிப்படாது. யார் யாருக்கு, எத்தனை மணிக்கு அனுப்பினார் என்ற உறைமேல் விவரத்தை எந்தச் சேவையும் முழுதாக மறைக்காது. ‘பாஸ்போர்ட் நகல்’ என்று தலைப்பிலேயே எழுதிவிட்டு உள்ளே மறைத்துப் பயனில்லை.

பெரும்பாலோர் தவறுவது இங்கே: புதுக் கணக்கிலிருந்து வேலைக்கு அனுப்பும் ஏஜென்சியின் ஜிமெயிலுக்கு நகலை அனுப்புவார்கள். அங்கே போனதும் அது சாதாரண மெயில்தான். மறுபக்கம் ஜிமெயிலிலிருந்து உங்களுக்கு வருவதும் திறந்த கடிதமாகவே வந்து, வந்த பிறகுதான் பூட்டப்படுகிறது. எழுதும் பெட்டியிலோ வந்த மெயிலிலோ உள்ள பூட்டுக் குறியைத் தொட்டால் எந்த வகை என்று சேவையே சொல்லும், அதைப் பார்த்துவிட்டு அனுப்புங்கள். வெளிச்சேவைக்கு அனுப்ப வழி, எழுதும் பெட்டியிலேயே கடவுச்சொல் போட்டு அனுப்புவது. பெறுகிறவருக்கு ஓர் இணைப்பு போகும், கடவுச்சொல் கொடுத்தால் திறக்கும். புரோட்டானில் நீங்கள் மாற்றாவிட்டால் 28 நாளில் அது காலாவதியாகும். கடவுச்சொல்லைப் போனில் கூப்பிட்டுச் சொல்லுங்கள். அதையே இன்னொரு மெயிலில் அனுப்பினால் பூட்டோடு தாக்கோலையும் சேர்த்து அனுப்பியது போல.

வங்கிக்கும் ஆதாருக்கும் இந்த ஒரு முகவரியை மட்டுமே நம்பி இருக்காதீர்கள். வெடிகுண்டு மிரட்டல் வழக்கை ஒட்டி 2024 பிப்ரவரியில் தமிழ்நாடு காவல்துறை புரோட்டானை முடக்கச் சொல்லிக் கேட்டது. 2025 ஏப்ரலில் கர்நாடக உயர் நீதிமன்றமும் முடக்க உத்தரவிட்டது. சேவை ஒருநாள் திறக்காமல் போனால் ஓடிபி வர வேறு வழி இருக்க வேண்டும். மறையாக்கம் என்றால் ஆளே தெரியாது என்பதும் இல்லை. 2021இல் சுவிஸ் அதிகாரிகளின் உத்தரவுப்படி புரோட்டான் ஒருவரின் ஐபி முகவரியை, அதாவது அவருடைய இணைய இணைப்பைக் காட்டும் எண்ணை, பதிந்து கொடுத்தது. மெயிலின் உள்ளடக்கத்தைக் கொடுக்க அதனிடம் தாக்கோல் இல்லை.

அதன் மறுபக்கம், தாக்கோலைத் தொலைத்தால் நிறுவனமும் திறந்து தராது. புரோட்டானில் மீட்பு மின்னஞ்சல் அல்லது போன் எண் வழியாக மட்டும் கடவுச்சொல்லை மாற்றினால் கணக்கு கிடைக்கும், பழைய மெயில் பூட்டியே கிடக்கும். டூட்டாவில் கடவுச்சொல்லும் மீட்புக் குறியீடும் இரண்டும் போனால் கணக்கே போயிற்று. எனவே கணக்குத் தொடங்கிய அன்றே, புரோட்டான் தருகிற 12 மீட்புச் சொற்களையோ டூட்டா தருகிற 64 எழுத்துக் குறியீட்டையோ தாளில் கையால் எழுதி, ஒருமுறை சரிபார்த்து, வீட்டுப் பத்திரம் இருக்கிற இடத்தில் வையுங்கள். போனில் படம் பிடிக்க வேண்டாம். தானாகப் படங்களை மேலேற்றுகிற செயலி இருந்தால், அந்தத் தாக்கோல் அன்று ராத்திரியே வேறொரு நிறுவனத்தின் சர்வரில் கிடக்கும்.