பிறந்த தேதி எதற்கு?

சென்னையில் இருந்துகொண்டு ஜெர்மன் நிறுவனங்களுக்குச் செயலி வடிவமைப்பது என் தொழில். 2019-இல் பயணச்சீட்டுச் செயலி ஒன்றைப் பயனர்கள் சோதித்துப் பார்ப்பதைக் காணொலி வழியாகக் கவனித்துக்கொண்டிருந்தேன். லைப்சிக் நகரைச் சேர்ந்த, அறுபது வயதை நெருங்கிய அம்மையார் ஒருவர் பிறந்த தேதி கேட்கும் கட்டத்துக்கு வந்ததும் நின்றார், "எதற்கு?" என்று கேட்டுவிட்டு, 1900 ஜனவரி 1 என்று நிதானமாகத் தட்டினார். தங்கள் பழைய தரவுத்தளத்தில் 1900-இல் பிறந்தவர்கள் ஏராளம் என்றார் வாடிக்கையாளர் தரப்பில் ஒருவர். கேட்ட இடத்திலெல்லாம் பிறந்த தேதியையும் கைபேசி எண்ணையும் எழுதிக் கொடுத்துப் பழகிய எனக்குத்தான் அது புதிதாக இருந்தது.

இதை வயதானவர்களின் தொழில்நுட்ப அச்சம் என்று ஒதுக்கிவிட முடியாது. லைப்சிக் இருந்த கிழக்கு ஜெர்மனியில் ஸ்டாசி என்னும் உளவு அமைச்சகம், அண்டை வீட்டாரையும் உடன் வேலை செய்பவர்களையும் கொண்டே மக்களைப் பற்றிக் குறிப்பெழுதி வைத்தது. 1992 முதல் அந்தக் கோப்புகளைச் சம்பந்தப்பட்டவர்களே படிக்க வழி பிறந்தபோது, ஒன்றுமில்லாததாகத் தோன்றும் விவரங்கள் ஒன்றுசேர்ந்தால் என்னவாகும் என்பதைப் பலர் காகிதத்திலேயே கண்டார்கள். மேற்கு ஜெர்மனி வந்த வழி வேறு. ஹெஸ்ஸே மாநிலம் 1970-லேயே உலகின் முதல் தரவுப் பாதுகாப்புச் சட்டத்தை இயற்றியது. மக்கள்தொகைக் கணக்கெடுப்பை எதிர்த்த வழக்கில், தன்னைப் பற்றிய விவரம் எதற்குப் பயன்படலாம் என்று தீர்மானிக்கும் உரிமை தனிமனிதருக்கே உண்டு என 1983 டிசம்பரில் அரசியல் சாசன நீதிமன்றம் தீர்ப்பளித்தது. "எதற்கு?" என்ற கேள்விக்குச் சட்ட பலம் வந்தது அப்போதுதான்.

2010-இல் கூகுள் ஸ்ட்ரீட் வியூ ஜெர்மனியின் 20 பெரிய நகரங்களின் தெருப்படங்களை வெளியிடவிருந்தபோது, ஏறத்தாழ 2,44,000 குடும்பத்தினர் தங்கள் வீட்டை மங்கலாக்கச் சொன்னார்கள். போகிற வருகிறவர் எல்லாம் பார்க்கிற வாசலை ஏன் மறைக்க வேண்டும் என்று நமக்கு வேடிக்கையாகத் தோன்றலாம். கடந்து போகிறவர் பார்த்துவிட்டு மறந்துவிடுகிறார், படமோ கிடங்கில் தங்கிவிடுகிறது.

அதே மக்கள்தான் 2020 ஜூனில் வந்த அரசின் கொரோனா எச்சரிக்கைச் செயலியை முதல் வாரத்திலேயே ஒரு கோடி முறைக்கு மேல் பதிவிறக்கினார்கள். யார் யார் அருகருகே இருந்தார்கள் என்ற விவரங்களை மையக் கணினியில் சேர்க்கும் முதல் திட்டம் கடும் எதிர்ப்பால் கைவிடப்பட்டு, அவை அவரவர் கைபேசியிலேயே தங்கும்படி மாற்றப்பட்டிருந்தன. நிரலையும் எவர் வேண்டுமானாலும் படித்துப் பார்க்க முடிந்தது.

எங்கள் செயலியில், இளையோர் சலுகைச் சீட்டு வாங்குபவரிடம் மட்டும் பிறந்த தேதி கேட்கும்படி மாற்றினோம். மாற்றுவதற்கு அரை மணி நேரம் ஆனது. அந்தக் கட்டத்தை முதலில் யார், எதற்காக வைத்தார்கள் என்று குழுவில் எவராலும் சொல்ல முடியவில்லை.