பித்தளையில் விழும் தேமல்

பருத்தித்துறையில் எங்கள் அம்மம்மா வீட்டு முன்கதவில் ஒரு பித்தளைக் குமிழ் இருக்கிறது. உள்ளங்கை படும் இடம் மஞ்சளாக மின்னும். கை எட்டாத அடிவிளிம்பு கோப்பி நிறத்தில் கறுத்திருக்கும். அதே கதவுக்கு மூன்று ஆண்டுகளுக்கு முன் புதிய பூட்டுத்தகடு ஒன்று வாங்கிப் பூட்டினேன். “இது கறுக்கவே கறுக்காது” என்று சொல்லித்தான் விற்றார்கள். இரண்டாவது மாரி முடிவதற்குள் அதில் தேமல் விழுந்ததுபோலத் திட்டுத் திட்டாகக் கறுப்பு. புளி போட்டுத் தேய்த்தேன். ஒரு திட்டும் அசையவில்லை. பழைய குமிழோ புளி பட்டதும் பளிச்சென்றாகிவிட்டது.

இரண்டும் பித்தளைதான். வேறுபாடு மேற்பூச்சில் இருக்கிறது. தங்கை இப்போது வீடு கட்டுகிறாள். பிணைச்சல், தாழ்ப்பாள், குழாய் எல்லாவற்றுக்கும் பித்தளை நிறமே வேண்டும் என்கிறாள். அவளுக்குச் சொன்னதையே இங்கே எழுதுகிறேன்.

பித்தளை என்பது செம்பும் நாகமும் (துத்தநாகம்) சேர்ந்த கலப்புலோகம். 70 பங்கு செம்பும் 30 பங்கு நாகமும் ஒரு வழமையான கலவை. கடைந்து செய்யும் கதவுச் சாமான்களிலும் குழாய்களிலும் நாகம் 40 பங்கை நெருங்கும். செம்பு கூடினால் நிறம் சிவப்பை நோக்கும், நாகம் கூடினால் வெளிர் மஞ்சளாகும். காற்றிலுள்ள ஒட்சிசன் பட்டதும் அதன்மேல் மெல்லிய ஒட்சைட்டுப் படலம் உருவாகிறது. அந்தப் படலம் தடிக்கத் தடிக்க நிறம் பொன்னிலிருந்து கபிலத்துக்கு மாறும். இது இரும்பின் துருவைப்போல உதிர்ந்து உள்ளே அரித்துக்கொண்டு போவதில்லை. ஒட்டிக்கொண்டு, அடியிலுள்ள உலோகத்தைக் காக்கிறது.

ஆனால் எங்கள் காற்றில் ஒட்சிசன் மட்டுமா இருக்கிறது? யாழ்ப்பாணக் குடாநாட்டில் எந்த வீட்டிலிருந்து புறப்பட்டாலும் சிறிது நேரத்தில் கடலையோ கடல்நீரேரியையோ கண்டுவிடலாம். சோளகம் வீசும் மாதங்களில் ஜன்னல் கம்பியைத் தொட்டு நாக்கில் வைத்தால் கரிக்கும். காற்றின் ஈரப்பதன் ஏறத்தாழ 75 சதவீதத்தைத் தாண்டும்போது உப்புத்துகள் தானாகவே நீரை உறிஞ்சிக் கரைந்துவிடும். கடலுப்பில் மகனீசியம் குளோரைட்டும் இருப்பதால் அது இன்னும் முன்னதாகவே ஈரமாகிறது. யாழ்ப்பாணத்து இரவுகளுக்கு அந்த ஈரப்பதன் சர்வசாதாரணம். ஆக, மழை பெய்யாத நாளிலும் கதவுச் சாமான்மேல் கண்ணுக்குத் தெரியாத உப்புநீர்ப் படலம் ஒன்று கிடக்கிறது. செம்பு அதிலுள்ள குளோரைட்டுடன் சேர்ந்தால் பச்சைக் களிம்பு. நீரேரிச் சேற்றிலிருந்து கிளம்பும் ஐதரசன் சல்பைட்டுடன் சேர்ந்தால் கறுப்பு.

இப்போது அந்தப் பூட்டுத்தகடு. அதன்மேல் பூசியிருந்தது லாக்கர் எனப்படும் நிறமற்ற பூச்சு. பூச்சு முழுமையாக இருக்கும்வரை உலோகம் புதுசாகவே இருக்கும். ஆனால் திறப்புக் கொத்து ஒருநாள் கீறும். விளிம்பில் பூச்சு மெல்லியதாக இருக்கும். அந்த நுண்ணிய வாயில் வழியே உப்புநீர் புகுந்து பூச்சின் அடியில் படர்கிறது. புளியின் அமிலம் அங்கே போய்ச் சேராது. பூச்சு முழுவதையும் தின்னர் கொண்டு கழுவி எடுத்தால்தான் தேய்க்க முடியும். நான் கடைசியில் அதைத்தான் செய்தேன். நகரத்துக் குளிரூட்டிய அறைக்குள் லாக்கர் பல்லாண்டு நிற்கலாம். கடற்கரை வீட்டின் முன்கதவுக்கு அதை நான் ஒருபோதும் சொல்லமாட்டேன்.

பூச்சே இல்லாத வெறும் பித்தளைக்கு இந்தத் தேமல் இல்லை. அது சீராக மங்கும். கை படும் இடத்தை உராய்வே மினுக்கிவிடும். நுண்ணுயிர்களைக் கொல்லும் குணமும் அதற்கு உண்டு. செம்பு அயன்கள் அவற்றின் மென்சவ்வைச் சிதைக்கின்றன. 2008இல் அமெரிக்கச் சூழல் பாதுகாப்பு முகவரகம் செப்புக் கலப்புலோகங்களை நுண்ணுயிர்க்கொல்லிப் பரப்புகளாகப் பதிவு செய்தது. லாக்கர் பூசினால் அந்தப் பயன் போய்விடும்.

துலக்குவதில் எங்கள் வீடுகளுக்குப் பாடம் எடுக்கத் தேவையில்லை. புளியிலுள்ள தாத்தாரிக்கமிலமும் தேசிக்காயிலுள்ள சித்திரிக்கமிலமும் ஒட்சைட்டைக் கரைக்கும், உலோகத்தை அதிகம் தொடா. உப்புச் சேர்த்தால் வேகம் கூடும். ஆனால் அப்படியே ஊறவிட்டால் மேற்பரப்பிலிருந்து நாகம் கழன்று, செம்பு மட்டும் மிஞ்சி இளஞ்சிவப்பாகும். எனவே தேய்த்த கையோடு நன்றாகக் கழுவித் துடைக்க வேண்டும். எண்ணெய் பூசி வைப்பது நல்லதென்று சிலர் நினைக்கிறார்கள். குத்துவிளக்கின் தகழியில் ஒட்டும் பச்சைப் பிசுக்கு எதுவென்று நினைக்கிறீர்கள்? எண்ணெயின் கொழுப்பமிலமும் செம்பும் சேர்ந்த ஒருவகைச் சவர்க்காரம் அது. பூசுவதானால் தேன்மெழுகு பூசுங்கள்.

அமோனியா கலந்த துப்புரவுத் திரவங்களை மட்டும் கிட்ட விடாதீர்கள். பிரித்தானிய இந்தியப் படையின் பித்தளைத் தோட்டா உறைகள் மழைக்காலத்தில் தாமாகவே வெடித்துப் பிளந்தன. குதிரை லாயங்களில் வைத்திருந்தபோது சிறுநீரிலிருந்து எழுந்த அமோனியா, தகட்டுக்குள் ஏற்கெனவே இருந்த இழுவிசையோடு சேர்ந்து பித்தளையைப் பிளந்தது என்று 1921இல்தான் விளக்கம் கிடைத்தது. மாட்டுக் கொட்டிலுக்குப் பித்தளைக் கொண்டி போடாதீர்கள்.

குளியலறைக்கு வேறு கணக்கு. அங்கே நாள் முழுதும் ஈரம். கிணற்று நீரின் சுண்ணாம்பு வெள்ளைப் பொருக்காகப் படியும். வெறும் பித்தளைக் குழாயைத் துலக்கித் துலக்கியே ஓய்ந்துவிடுவோம். இங்கே வெற்றிடப் படிவுப் பூச்சு நல்லது. காற்றை வெளியேற்றிய அறைக்குள் சிர்க்கோனியம் அல்லது தைத்தேனியத்தை ஆவியாக்கி, நைதரசனுடன் சேரவிட்டு, பொருளின்மேல் படியச் செய்கிறார்கள். தலைமுடியின் தடிப்பில் நூறிலொரு பங்களவே இருக்கும் அந்தப் படலம், கத்தி உருக்கையும் மிஞ்சும் கடினம் உடையது. சிர்க்கோனியம் நைத்திரைட்டின் நிறம் இயல்பாகவே பித்தளை மஞ்சள். அதில் கறுக்கச் செம்பே இல்லை. முதுமையின் அழகும் அதற்கு வராது. தங்கைக்கு அது குறையாகத் தெரியவில்லை.

பூச்சைவிடக் குழாயின் உள்ளுடல் முக்கியம். உவர் ஏறிய கிணற்று நீரில் குளோரைட்டு கூடும். அது பித்தளையிலிருந்து நாகத்தை மெல்ல உறிஞ்சிவிட, சிவந்த, பஞ்சுபோன்ற செம்பு எஞ்சும். திருகும்போது ஒருநாள் கழுத்தோடு முறியும். நீரிலுள்ள சுண்ணாம்புக் காபனேற்று இதை ஓரளவு தடுக்கும், உவர் ஏற ஏற அந்தக் காப்பு போதாது. நாகம் கழலாத பித்தளை என்றே தனிவகை விற்கிறார்கள். அதில் மிகச் சிறிதளவு ஆசனிக்குச் சேர்த்து இந்தக் கழற்சியை அடக்குகிறார்கள். உவர்க் கிணறு உள்ளவர்கள் அதைக் கேட்டு வாங்க வேண்டும்.

வாங்கும்போது காந்தம் ஒன்றைக் கொண்டுபோங்கள். ஒட்டினால் உள்ளே இரும்பு. ஒட்டாவிட்டாலும் நம்பிவிட வேண்டாம், நாக வார்ப்பிலும் காந்தம் ஒட்டாது. கையில் தூக்கிப் பாருங்கள்: ஒரு கன சென்ரிமீற்றர் பித்தளை எட்டரைக் கிராம் நிறுக்கும், நாக வார்ப்பு ஏழுக்கும் குறைவு. மறைவான திருகாணித் துளையில் சற்றுச் சுரண்டினால் உள்ளே மஞ்சளா வெள்ளையா என்று தெரிந்துவிடும்.

பிணைச்சலுக்கான திருகாணிகளும் பித்தளையாகவே இருக்கட்டும். பித்தளையைத் தொட்டுக்கொண்டிருக்கும் இரும்பு, உப்பு ஈரத்தில் ஒரு மின்கலத்தின் அரிபடும் முனையாகிவிடும். பெரிய தகட்டுக்காக அந்தச் சின்னத் திருகாணிதான் கரையும். அம்மம்மா வீட்டுக் கதவுகளில் ஒன்றைக் கழற்றிப் பார்த்தோம்: பிணைச்சல், திருகாணி இரண்டும் பித்தளை. மரை இன்னும் கூர்மையாக இருந்தது. அவற்றையே தங்கை வீட்டு முன்கதவுக்கு எடுத்து வைத்திருக்கிறோம்.